மூன்று கடிதம், மூன்று காரணம்

நாற்காலியில் உட்காருவதற்கு முன் அவர் அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பார். கால் ஆடுகிறதா, ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவுவார். பிறகு அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக் கதவைப் பார்த்தபடி உட்காருவார்.

நான் அப்போது அட்டன் கடைத்தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியிலிருந்த டைப்ரைட்டிங் பள்ளியில் வேலை பார்த்தேன். அங்கேயே படித்துத் தேறி அங்கேயே வேலைக்கு அமர்ந்தவள். காலையில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். பிற்பகலில் யார் வந்து கேட்டாலும் ஆங்கிலத்தில் கடிதம் அடித்துக்கொடுப்பேன். எத்தனையோ பேர் வந்தார்கள். நாற்காலியைப் புரட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

றொசல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சினை ஓட்டுபவர். பெயர் வேண்டாம். நான் அண்ணே என்று கூப்பிட்டேன். தோட்டத்தில் எல்லோரும் இஞ்சின்காரர் என்றார்கள். நாற்பது வயதிருக்கும். நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு. மழையோ வெயிலோ, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி.

முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, கதவச் சாத்தலாமா?"

"சாத்தினா வெளிச்சம் வராதுங்கண்ணே."

"அப்ப மெதுவா பேசுவோம். ஒங்க மிசினு சத்தம் கீழ கடைக்குக் கேக்குமா?"

"சத்தம் கேக்கும். என்ன எழுத்துன்னு யாருக்கும் தெரியாது."

அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணொண்ணுக்கும் ஒரு சத்தம் இருக்கும்" என்றார். இரண்டு எழுத்துகளைச் சொல்லி மாறி மாறித் தட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்துத் தடவையில் ஏழு தடவை எந்த எழுத்து என்று சரியாகச் சொன்னார். அதன் பிறகு சில நாட்களுக்கு, கீழேயிருந்து யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களோ என்று எனக்கே தோன்றியது. அவரோடு பழகினால் இப்படித்தான். சந்தேகம் சளித் தடிமன் மாதிரி தொற்றிக்கொள்ளும்.

அவருக்கு வேறு பக்கத்தில் வேலை வேண்டும். அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அது அவருடைய துரைக்கு, அதாவது தோட்ட நிர்வாகிக்கு, தெரியக் கூடாது. காரணத்தை அன்றே சொல்லிவிட்டார். அவர் மனைவிக்கு மூச்சு இழுப்பு. றொசல்லைப் பக்கத்து மழை வருடத்தில் பாதி நாள் விடுவதில்லை. சுவரில் ஈரம், துணியில் ஈரம், விறகில் ஈரம். ராத்திரியெல்லாம் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தே தூங்குகிறாராம். மழை குறைந்த பக்கம் போகாவிட்டால் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப வேலைய விட்டுட்டுப் போயி, அங்க தேடலாமே அண்ணே?" என்று கேட்டேன். அதைக் கேட்டது என் அறியாமை.

"வேலைய விட்ட அன்னைக்கே வீட்டையும் விடணும் தங்கச்சி. போற எடத்துல ஒரு கூர இருக்குன்னு தெரியாம, இருக்கிற கூரைய எப்படி விடுறது? மூச்சு வாங்குற பொம்பளைய ரோட்டுலயா ஒக்கார வைக்கிறது?"

அரசாங்க வேலை எதற்கும் அவர் போட முடியாது. பிரஜாவுரிமை மனு அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிடந்தது. எப்போது எடுப்பார்கள் என்று அங்கிருப்பவர்களுக்கே தெரியாது. ஆகவே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத்தான் போக முடியும். அதில்தான் ஆபத்து. தோட்டத்துத் துரைமார் எல்லோரும் கிளப்பில் சந்திப்பார்கள். கிளப் நாட்களில் அங்கே விளக்கெரிக்கும் இஞ்சினைப் பார்த்துக்கொள்ள இவரைத்தான் அனுப்புவார்கள். இஞ்சின் கொட்டகைக்கும் துரைமார் உட்காரும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். எந்தத் துரை எந்தத் துரையோடு பள்ளிக்கூடம் போனவர், யாருடைய மைத்துனி யாரைக் கட்டியிருக்கிறாள், யாருக்கு யாரைப் பிடிக்காது, எல்லாம் அவருக்குத் தெரியும். "ஒரு துரைக்கு விண்ணப்பம் போட்டா, அடுத்த கிளப்பு நாளு என் துரை காதுல அது விழும். கிளப்பு வேற, சொந்தம் வேற, சண்ட வேற. மூணும் பாத்துத்தான் போடணும்" என்றார்.

எனக்கு இது பிடித்துப்போனது. ஒரு தாளில் கோடு போட்டு, தோட்டம், துரை போகும் கிளப், உறவு, பகை என்று நான்கு கட்டமாகப் பிரித்துக் கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நிரப்பினேன். பதினாறு தோட்டங்களில் மூன்று மிஞ்சின. அந்தத் தாளை அவர் அங்கேயே கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டார்.

"ஏண்ணே, கிழிச்சாப் போதாதா?"

"கிழிச்சத ஒட்டலாம்" என்றார் மென்றுகொண்டே. "மையி கசக்குது. என்ன மையி இது?"

மூன்று தோட்டங்களுக்குமான கடிதங்களை அவர் ஒரே நாளில் அடிக்கச் சொல்லவில்லை. முதல் இரண்டு ஒரு வாரம். மூன்றாவது அடுத்த மாதம். முதல் கடிதத்தில் வேலை மாற விரும்பும் காரணம் பிள்ளைகளின் படிப்பு என்று எழுதச் சொன்னார். இரண்டாவதில் மனைவியின் தாய்வீடு அந்தப் பக்கம் என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அடிங்க தங்கச்சி" என்றார். மனைவியின் இழுப்பு இரண்டிலும் இல்லை.

எனக்கு உறுத்தியது. தோட்டத்துக்கு ஒரு காரணம் சொல்கிறவர், என்னிடம் சொன்னதும் அப்படி ஒரு காரணமாக ஏன் இருக்கக் கூடாது? எங்கேயோ திருடிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாரோ? நாளைக்கு யாராவது கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதை அடித்தது யார் என்று கேட்டால் என் கையில் என்ன இருக்கும்?

எங்கள் பள்ளியில் ஒரு பதிவேடு உண்டு. என் பொறுப்பு அது. கடித இலக்கம், தேதி, யாருக்காக, யாருக்கு, விஷயம், குறிப்பு. குறிப்புக் கட்டத்தை மற்றவர்களுக்கு வெறுமையாக விடுவேன். அவருடைய கடிதங்களுக்கு மட்டும் எழுதினேன். கடிதத்தில் அவர் போடச் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் எழுதினேன்.

கடிதம் அடித்ததும் அவர் கார்பன் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலாக மடித்து, சட்டைக்குள் செருகுவார். பதிவேட்டை அவர் ஏறிட்டும் பார்த்ததில்லை.

மாஸ்டர், அதாவது பள்ளியின் சொந்தக்காரர், அவரைக் கேலி செய்வார். மாஸ்டர் வாங்கித்தரும் பிளேன்டீயை மாஸ்டர் ஒரு வாய் குடிக்கும்வரை இவர் தொடமாட்டார்.

"நான் என்னப்பா விஷமா வைக்கப் போறேன்?"

"விஷம்னு இல்லீங்க மாஸ்டர். எப்பேர்ப்பட்ட தூளுன்னு ஒங்க மூஞ்சியில தெரிஞ்சிரும். மூஞ்சி கோணுச்சுன்னா நான் குடிக்க வேண்டியதில்ல பாருங்க."

இஞ்சினைப் பற்றி அவரிடம் ஒரு சொல் இருந்தது. "சத்தம் வர்ற எடம் வேற, கோளாறு இருக்கிற எடம் வேற." இஞ்சின் தட்டினால், நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை இயந்திரத்திலும் மறுமுனையைக் காதிலும் வைத்து அங்குலம் அங்குலமாகக் கேட்டுக்கொண்டு வருவாராம். சத்தம் பெரிதாக இருக்கும் இடத்தை முதலில் விட்டுவிடுவாராம். மனிதர்கள் விஷயத்தில் அவர் அப்படிச் செய்யவில்லை.

மூன்றாவது கடிதத்துக்கு வந்த நாளில் மனைவியையும் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். எங்கள் மாடிப்படி பதினெட்டு. அந்த அம்மா மூன்று தடவை நின்று ஏறினார். வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டிருந்தார். அந்த ஓசையை நான் அன்றுதான் கேட்டேன். அது பொய்க் காரணம் இல்லை.

கணவர் நாற்காலியைப் புரட்டுவதைப் பார்த்து அவர் சிரித்தார். "இவரு சோத்துல கல்லு இருக்கான்னு பாக்கிற மனுசன் இல்ல தங்கச்சி. கல்லுக்குள்ள சோறு இருக்கான்னு பாக்கிறவரு."

"பேசாத. மூச்சு வாங்கும்" என்றார் அவர்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப பல்ல எண்ணிப் பாத்தாரு. கேளுங்க வேணும்னா."

"எண்ணல. பாத்தேன். அவ்வளவுதான்."

மூன்றாவது கடிதம் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு. காரணம், தகப்பனாருக்குக் கண் தெரியவில்லை, அவர் அந்தப் பக்கம் இருக்கிறார், பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனைவி ஜன்னலிலிருந்து திரும்பினார். "ஒங்கப்பா செத்து ஒம்பது வருசமாச்சு."

"அதனாலதான் தைரியமா எழுதுறேன்" என்றார் அவர்.

இதை விளங்கிக்கொள்ளாமல் நான் பதிவேட்டில் வழக்கம்போல எழுதினேன். இந்தத் தடவை ஒரு வரி கூடுதலாகவும் எழுதினேன்.

பதில் வருவதற்கு அவர் கொடுத்திருந்த விலாசம் கீழேயிருந்த துணிக்கடை. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில்தான் பிரிபடும் என்பதால் அப்படி. கடை முதலாளி முஸ்லிம்; அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை நானா என்போம். அவர் கடையின் பேரில் வரும் கடிதங்களை மேசை இழுப்பறையில் வைத்திருந்து கொடுப்பார்.

முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது. இடம் காலியில்லை. ஆனால் இஞ்சின்காரர் பார்த்தது உள்ளேயிருந்த சேதியை அல்ல, உறையின் வாயை. பசை இரண்டு தடவை ஒட்டியிருந்தது. நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது கடைக்குள் அவர் குரல் கேட்டது. மெதுவாகப் பேசுகிறவர், அன்று கத்தினார்.

"இத யாரு பிரிச்சது நானா?"

"மழைக்கு ஒட்டு விட்டுக் கெடந்திச்சு. உள்ளுக்க இருக்கிறது உழுந்திரும் எண்டு கஞ்சிப் பசை தடவி ஒட்டினேன். வாசிக்கல்ல."

"ஒட்டத் தெரிஞ்ச கைக்குப் பிரிக்கவும் தெரியும்."

கடையில் துணி வாங்க வந்த நாலைந்து பேர் நின்றார்கள். நானாவுக்கு என் தகப்பனார் வயது. அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்கட கடிதத்துக்கு வேற எடம் பாருங்க" என்றார். நானும் நானாவைத்தான் சந்தேகித்தேன். அன்றைக்கு மேல் துணிக்கடையைத் தாண்டும்போது என் கைப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல் அவர் வந்தார். நாற்காலியைப் புரட்டாமல் உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பயமாயிருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். நான் அடித்த மூன்றாவது கடிதம். முத்திரை ஒட்டியிருந்தது, ஆனால் அதன்மேல் தபால் சீல் குத்தப்படவில்லை.

"போடலையாண்ணே?"

"போடல. அந்தத் துரையோட சம்சாரமும் எங்க தொரசாணியும் ஒண்ணா வளந்தவங்கன்னு கிளப்புல கேட்டேன். அன்னையிலேருந்து இது என் பெட்டியிலதான் இருக்கு." உறையை என் பக்கம் தள்ளினார். "நேத்து ஸ்டோரு வாசல்ல பெரிய கிளாக்கர் ஐயா என்னையப் பாத்துச் சிரிச்சாரு. 'என்ன இஞ்சினு, அப்பாவுக்குக் கண்ணு தெரியலையாமே, வயசு காலத்துல பாத்துக்க வேணாமா'ன்னாரு."

பிறகு அவர் விளக்கினார். ஒவ்வொரு கடிதத்திலும் வேறு வேறு காரணம் போட்டது அதற்காகத்தான். எந்தக் காரணம் திரும்பி வந்து காதில் விழுகிறதோ, அந்தக் கடிதம் போன வழியில் ஓட்டை. உண்மையை எதிலும் எழுதாதது, அது யார் வாயிலும் விழ வேண்டாம் என்பதற்காக.

"பிள்ளைங்க படிப்புன்னு கேட்டிருந்தா மொதத் தோட்டம். மாமியார் வீடுன்னா ரெண்டாவது. அப்பா கண்ணு, வெளியவே போகாத கடுதாசி. அப்ப ஓட்ட எங்க தங்கச்சி?"

என் கண் பதிவேட்டுக்குப் போயிற்று. அவருடைய தோட்டத்துப் பெரிய கிளாக்கர், அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, மாஸ்டரின் கூட்டாளி. ஞாயிறுதோறும் சந்தைக்கு வந்துவிட்டு, மாடியேறி, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அரட்டையடிப்பார். மாஸ்டர் வரத் தாமதமானால் பத்திரிகையைப் புரட்டுவார். பத்திரிகை முடிந்தால் பதிவேட்டைப் புரட்டுவார். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பதிவேடு என்றால் யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பயிற்சி. அவர் புரட்டும்போது, என் கையெழுத்தைப் பாராட்டுவாரா என்றுகூட எதிர்பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டை எடுத்து இஞ்சின்காரர் முன்னால் வைத்தேன். அவருக்கு ஆங்கிலத்தில் தன் பெயரைத் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"என்னா எழுதியிருக்கு? படிங்க."

படித்தேன். தகப்பனாரின் கண் நோய் என்பதைப் படித்தேன். அடுத்த வரியையும் படித்தேன். "முன்பு கூறிய காரணங்களோடு இது பொருந்தவில்லை."

"நம்பல நீங்க."

"நம்பலண்ணே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். "சரிதான். நானும்தான் ஒங்கள நம்பல. கார்பன் தாள விடாம வாங்கிட்டுப் போனேன். இந்தப் பொஸ்தகம் என் கண்ணு முன்னாடியே கெடந்திருக்கு." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "பொறந்ததுலேருந்து நம்ம பேர எவனாவது ஒரு பொஸ்தகத்துல எழுதிக்கிட்டேதான் இருக்கான். பேர் போட்டாச்சா, பேர் போட்டாச்சான்னு கேட்டே வளந்தவங்க. அதனால இது கண்ணுலயே படல."

துரை இன்னொரு இஞ்சின்காரனைப் பார்த்துவிட்டார். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று கிளாக்கர் சொல்லியனுப்பியிருந்தார். பத்தொன்பது நாள் இருந்தது.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுறேன் அண்ணே. இனிமே பதிவேட்டைப் பூட்டி வைக்கிறேன்."

"பூட்டாதீங்க. பூட்டினா கிளாக்கர் ஐயா உசாராயிடுவாரு." பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "ஒரு கடுதாசி அடிங்க. திம்புள்ளப் பக்கம், நீங்களே ஒரு தோட்டம் பாத்துப் போடுங்க. காரணம் நெசமானதையே போடுங்க, சம்சாரத்துக்கு இழுப்புன்னு. இத நான் போஸ்ட் பண்ணப் போறதில்ல. நீங்க பொஸ்தகத்துல எழுதுங்க, அது போதும். அவுங்க திம்புள்ளையப் பாத்துக்கிட்டிருக்கட்டும்."

அடித்தேன். பதிந்தேன். போகும்போது, எங்கே போகப் பார்க்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை.

படியிறங்கியவர் நேராகத் துணிக்கடைக்குள் போனார். நான் படியின் தலைப்பில் நின்றேன். கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நானா, தப்பு என் பேர்ல. நீங்க பிரிக்கல. நாலு பேரு முன்னாடி சொன்னேன், நாலு பேரு முன்னாடியே திருப்பி எடுத்துக்கிறேன்" என்றார்.

நானா கத்தரிக்கோலை வைத்தார். "உள்ளுக்க வாங்க. தேத்தண்ணி குடிப்பம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளாக்கர் வந்தார். நான் பதிவேட்டை எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தேன். கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். பத்திரிகை முடிந்தது. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. நான் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"திம்புள்ளையா?" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. பிறகு என்னிடம், "ஏன் பிள்ள, நம்ம இஞ்சின்காரன் இங்க வர்றதுண்டா?"

"நெறையப் பேரு வர்றாங்கய்யா. அடிச்சுக் குடுக்கிறதோட சரி."

"பொண்டாட்டிக்கு இழுப்பாம். நேத்து அப்பாவுக்குக் கண்ணு." சிரித்தார். "நாளைக்கு யாருக்கு என்னவோ."

அவர் சிரித்த அந்த ஒரு காரணம்தான் உண்மை. நான் அடுத்த வரிக்கு உருளையைத் தள்ளினேன்.

அந்த வாரம் நானா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் எங்கேயோ போய்வந்தார். மலைப்பக்கத்துச் சந்தைகளுக்குத் துணி போடுகிறவர். பல தோட்டங்களில் ஆட்களைத் தெரியும். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மாசக் கடைசிக்கு நாலு நாள் முன்னால் கிளாக்கர் மாடியேறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை அல்ல அது. இஞ்சின்காரர் குடும்பத்தோடு, சட்டிபானையோடு விடியற்காலையில் போய்விட்டாராம். துரை திம்புள்ளையில் நாலு துரைமாருக்குச் சொல்லிவைத்திருந்தாராம், இப்படி ஒருவன் வந்தால் எடுக்காதீர்கள் என்று. அங்கே எவரும் அவரைக் கண்டதேயில்லையாம்.

"ஒனக்குத் தெரியுமா பிள்ள?"

"தெரியாதுங்கய்யா" என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த மேசையில் பேசப்பட்ட முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும். அவர் நம்பவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. குறிப்புக் கட்டத்தில் நான் எதுவும் எழுதுவதில்லை. ஒரு நாள் சட்டைத்துணி வாங்கக் கடைக்குப் போனபோது வேறு ஆளில்லை. வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நானா, இஞ்சின்காரர் அண்ணனோட சம்சாரத்துக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எந்த இஞ்சின்காரர்?" என்றார் அவர், துணியை அளந்தபடி.

நான் நின்றுகொண்டேயிருந்தேன். அவர் துணியை வெட்டினார், மடித்தார், தாளில் சுற்றினார். நூலைக் கட்டி அறுத்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கொழுந்தெடுக்கப் பேர் போட்டிருக்காவாம். நாள் தவறாமப் போறாவாம்."

எங்கள் பதினெட்டுப் படியை மூன்று தடவை நின்று ஏறியவர், மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்.

"எந்த மலையில எண்டு கேக்காதீங்க புள்ள."

"கேக்கல நானா" என்றேன்.

அவர் பொட்டலத்தை நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.